ரைகானின் லேப்டாப்

"நூத்தி நாப்பது! இன்னும் ஏறுதுடா!"

அர்கென் போட்ட சத்தத்தில், பக்கத்துக் கடை சிர்காக் செல்போன் உறைகளை அப்படியே போட்டுவிட்டு ஓடி வந்தான். கிர்கிஸ்தானின் தலாஸ் நகர பஜாரில் அர்கென் லேப்டாப் ரிப்பேர் கடை வைத்து நாலு வருஷமாகிறது. ஒரே மெஷினில் இத்தனை வைரஸை அவன் பார்த்ததே இல்லை.

"யாரோடதுடா இது?"

அர்கென் கண்ணாலேயே காட்டினான். ஸ்டூலின் நுனியில், கைப்பையை மடியில் இறுக்கிக்கொண்டு ஒரு அம்மாள். வயது ஐம்பத்தைந்து இருக்கும். பெயர் ரைகான். மலையடிவாரக் கிராமம் ஒன்றில் நூலகர்.

"தம்பி, ரெண்டு மணி வேனுக்குள்ள முடிஞ்சிடுமா? ஊர்ல எட்டுப் பேர் எனக்காகக் காத்துக்கிட்டிருக்காங்க."

மணி அப்போதே ஒன்றே கால்.

"இருநூறைத் தொடும்டா. ரெண்டு சம்சா பந்தயம்!" என்றான் அர்கென்.

"தொடவே தொடாது!"

தொட்டது. இருநூற்றுப் பதினேழில் போய் நின்றது. கடை வாசலில் அதற்குள் ஏழெட்டுப் பேர் கூடிவிட்டார்கள்.

அந்த அம்மாள் இணையத்தில் எங்கெல்லாம் போய் வந்திருக்கிறாள் என்று திறந்து பார்த்த அர்கெனுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. சூதாட்டம், லாட்டரி, மூன்றே நாளில் சர்க்கரையை விரட்டும் மருந்து, கையெழுத்தே இல்லாத கடன். ஒன்று பாக்கியில்லை, எல்லாவற்றையும் தட்டியிருக்கிறாள்.

"அக்கா, உங்களுக்குப் பரிசா கார் விழுந்திருக்குன்னு வந்திருக்கே. வீட்டுக்கு வந்து சேர்ந்துச்சா?"

கூட்டம் கொல்லென்று சிரித்தது.

"எங்க தம்பி! நாலு தடவை விழுந்துச்சு, ஒரு தடவைகூட வரலை" என்று அவளும் சிரித்தாள். முகம் மட்டும் சிவந்துவிட்டது.

"நூலகர்னு சொல்றீங்க. படிச்சவங்களே இப்படிப் பேராசைப்பட்டா எப்படிக்கா?"

"நீ சொல்றது சரிதான். கொஞ்சம் சீக்கிரம் முடிப்பா."

அர்கென் இணையத்தைத் துண்டித்தான். மெஷினை அணைத்து மறுபடி போட்டு, ஒவ்வொன்றாகப் பிடுங்கி எறிந்தான். இருநூற்றுப் பதினாறு போய்விட்டது. ஒன்று மட்டும் போக மறுத்தது. அழித்தால் மறுபடி முளைத்தது. மறுபடி அழித்தான், மறுபடி முளைத்தது.

"விடாதடா!" சிர்காக் தோளைப் பிடித்து உலுக்கினான்.

மணி ஒன்று நாற்பது. அர்கெனுக்கு வேர்த்துக் கொட்டியது. எங்கேயடா ஒளிந்திருக்கிறாய்? ஒவ்வொரு ஃபோல்டராகத் திறந்துகொண்டே போனவன், சாதுவாக உட்கார்ந்திருந்த ஒரு காலண்டர் புரோகிராமில் சட்டென்று நின்றான். இவள் எதற்குக் காலண்டரைத் தனியாக இறக்கிக்கொள்ள வேண்டும்?

"மாட்டினான்!"

கடைசி ஸ்கேன். எல்லோரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தார்கள்.

பூஜ்யம்!

கூட்டம் கை தட்டியது. ஸ்டூலிலிருந்து எழுந்து நின்று ரைகானும் தட்டினாள்.

"உங்க ஃபோட்டோ, கடிதம் எல்லாம் பத்திரமா இருக்கான்னு ஒரு தடவை பார்த்துடறேன்க்கா" என்று தேடிய அர்கென் நெற்றியைச் சுருக்கினான். ஃபோட்டோ இல்லை. கடிதம் இல்லை. பாங்கு விவரம் எதுவுமே இல்லை.

"என்னக்கா, இதுல உங்களோடதுன்னு ஒன்னுமே இல்லையே?"

"அதுக்குத்தானே தம்பி இதைத் தனியா வெச்சிருக்கேன்."

"எதுக்கு?"

"எங்க பக்கத்துல இப்ப எல்லார் கையிலயும் போன். வயசானவங்களுக்குத் தினமும் ஏதாவது வருது. கார் விழுந்துச்சு, கடன் தரோம், இதைத் தட்டுன்னு. தட்டறதுக்கு முன்னாடி என்கிட்ட வாங்கன்னு சொல்லியிருக்கேன். அவங்களுக்கு வந்த லிங்கை ஒவ்வொரு எழுத்தா இதுல அடிச்சு, முதல்ல நான் திறந்து பார்ப்பேன். இதுக்கு ஏதாவது ஆச்சுன்னா, அதைத் தொடாதீங்கன்னு அவங்ககிட்ட சொல்லிடுவேன். மூணு வருஷமா எங்க பக்கத்துல ஒருத்தரும் ஏமாறலை. நேத்து இது ஒரேயடியாப் படுத்துடுச்சு. அதான் ஓடி வந்தேன்."

அர்கென் லேப்டாப்பை மூடி, துணியால் துடைத்து, இரண்டு கையாலும் அவளிடம் நீட்டினான்.

"அவங்களுக்கெல்லாம் பிள்ளைங்க இல்லையாக்கா? அவங்ககிட்ட கேக்கலாமே?"

"கேக்காமலா இருப்பாங்க?" ரைகான் லேப்டாப்பைப் பைக்குள் வைத்தாள். "பக்கத்து ஊர்லேருந்து ஷார்கான்னு ஒருத்தி, காலையிலேயே நடந்து வந்து நூலகத்துல உக்காந்திருக்கா. பென்ஷன் கூடியிருக்கு, இதைத் தட்டுன்னு மெசேஜாம். ஏம்மா, உன் மகன்தான் டவுன்ல கம்ப்யூட்டர் கடை வெச்சிருக்கானே, அவனைக் கேளேன்னேன். ஒரு தடவை போன்ல கேட்டாளாம். ஸ்பீக்கர்ல போட்டு, கடையில இருந்தவங்களோட சேர்ந்து சிரிச்சானாம். அதோட கேக்கறதை விட்டுட்டேன்னு சொன்னா."

வேன் ஹாரன் அடித்தது. "வரேன் தம்பி, நல்லாயிருப்பே!" என்று ரைகான் ஓடினாள்.

சிர்காக் கையைத் தேய்த்துக்கொண்டு வந்தான். "பந்தயத்துல நீதான்டா ஜெயிச்சே. வா, சம்சா வாங்கித் தரேன். என்னடா, அப்படியே நின்னுட்டே?"

அர்கென் போய்க்கொண்டிருந்த வேனையே பார்த்தான்.

"ஷார்கான் எங்கம்மாடா."