நேற்று வந்த மெக்கானிக்

"கம்ப்ரசர் போயிடுச்சு, புதுசு மாட்டணும்" என்று புளுகிவிட்டு, டீச்சரம்மா வீட்டு ஃபிரிட்ஜிலிருந்த நல்ல கம்ப்ரசரைக் கழற்றி வேறொரு வீட்டில் மாட்டிவிட்டான் மெக்கானிக். டீச்சரம்மா எத்தனை முறை கூப்பிட்டும் அவன் போனை எடுக்கவில்லை. ஒரு வாரமாய் மனசு உறுத்தியது. கடைசியில் புது கம்ப்ரசரோடு போய்க் கதவைத் தட்டினான்.

"என்ன தம்பி மறுபடியும்? நேத்துதானே வந்து மாட்டிட்டுப் போனீங்க!"

ஃபிரிட்ஜுக்குள் தெர்மாமீட்டரை வைத்துப் பார்த்தான். நான்கு டிகிரி. கச்சிதமான குளிர்ச்சி. பின்பக்கம் எட்டிப் பார்த்தான். கம்ப்ரசர் ஓடிக்கொண்டிருந்தது. குழாயைப் பற்றவைத்திருந்த விதம் அவனுடைய கைவேலையேதான்.

"நான்... நேத்து வரலைங்கம்மா."

டீச்சரம்மா சிரித்தார். "வெட்கப்படாதீங்க தம்பி. தப்பு பண்ணிட்டேன்னு இங்கேயே உக்காந்து அழுதீங்களே, அப்பவே மன்னிச்சுட்டேன்."

அவன் கூசிப்போய்த் தலையைக் குனிந்துகொண்டான். மன்னிப்புக் கேட்கக்கூட அவனுக்குக் கொடுத்துவைக்கவில்லை.