அருவியோரம் அண்ணியும் தங்கையும்

பூங்காவின் கடைசிப் படிக்கட்டையொட்டி அருவி கொட்டுகிறது. பக்கத்தில் பழைய நெசவாலையின் சுவர் மட்டும் கூரையில்லாமல் நிற்க, சன்னல் ஓட்டைகள் வழியே சாய்ந்த வெயில் நீர்த்தூளில் மினுங்குகிறது. ஒரு காலத்தில் இந்தத் தண்ணீர்தான் தறிகளை ஓட்டியதாம். துருவேறிய சக்கரத்தின் பற்களில் இப்போது பாசி. முன்னே அண்ணி இறங்குகிறாள், பின்னே தங்கை. இருவரையும் வம்படியாக இழுத்து வந்த அண்ணன், இரண்டு பக்கமும் இடிபடும் மத்தளமாக நடுவில். பெண்கள் இருவரும் ஊரில் இப்போது ஓடும் ஆலையில் அடுத்தடுத்த தறியில் நின்றவர்கள். கோடையில் ஏதோ சொல் தடித்து, ஆளுக்கொரு ஷிஃப்டுக்கு மாறிக்கொண்டார்கள். அன்றிலிருந்து பேச்சில்லை. இறங்க இறங்க இரைச்சல் கூடுகிறது. சுற்றிலும் எல்லோரும் தொண்டை கிழியக் கத்துகிறார்கள். தங்கைக்கோ இது பழகிய இரைச்சல், அச்சு அசல் தறிக்கூடம். அண்ணி திரும்பிப் பார்க்கிற நேரம், அவள் செருப்பருகே பச்சையாக ஈரப் பாசி பளபளக்கிறது. தங்கையின் வாய் தானாகத் திறந்து, சத்தத்தில் உதட்டசைவிலேயே பேசிக்கொள்ளும் தறிக்கூடத்து வழக்கப்படி குரலே இல்லாமல், உதட்டை அகல விரித்துச் சொல்கிறது: "அண்ணி, வழுக்கும். கம்பியப் பிடிங்க." சொன்ன பிறகுதான் உறைக்க, நாக்கைக் கடித்துக்கொள்கிறாள். அண்ணி கம்பியைப் பிடிக்கிறாள். அவள் உதடும் சத்தமில்லாமல் அசைகிறது: "நீ மொதல்ல உன் காலப் பாரு. கையக் குடு." அண்ணனைத் தாண்டி ஒரு நனைந்த கை நீள்கிறது, தங்கை பற்றிக்கொள்கிறாள். "என்னது? என்ன சொல்றா அவ?" என்று காதோரம் கையைக் குவித்துக் கத்துகிறான் அண்ணன். பிடித்த கையை விடாமல் அண்ணி அவன் காதில் கத்துகிறாள்: "நாங்கதான் பேசிக்கிறதே இல்லையே!"