எலினா வீட்டுக் கறிவேப்பிலை

எலினா வீட்டுக் கறிவேப்பிலைச் செடிக்கு என்னத்தை ஊற்றுகிறார்கள் என்று தெரியாமல் சுடலையம்மாளுக்குச் சோறு இறங்கவில்லை.

இரண்டும் ஸ்ரீவில்லிபுத்தூர் நர்சரியில் ஒரே நாளில் வாங்கிய கன்றுகள். ஒரே பஸ்ஸில் ராஜபாளையம் வந்தவை. நடுவில் மார்பளவு மதில், அவ்வளவுதான்.

அந்தப் பக்கத்துச் செடி கல்யாணப் பந்தல் மாதிரி தழைத்துக் கிடந்தது. இந்தப் பக்கத்துச் செடி கொடிக்கம்பமாக நின்றது. உச்சியில் மட்டும் நாலு இலை.

சுடலையம்மாளும் பார்க்காத வைத்தியம் இல்லை. புளித்த மோர் ஊற்றினாள். மீன் கழுவிய தண்ணீர் ஊற்றினாள். யூரியாவை அள்ளிப் போட்டு, இலையோரம் கருகியதும் பயந்துபோய்க் குடம் குடமாகத் தண்ணீர் விட்டாள். வாடிவிடுமோ என்று அதில் ஒரு கொழுந்துகூடக் கிள்ளியதில்லை. பெற்ற பிள்ளையையே அப்படிப் பொத்தி வளர்த்தவள் இல்லை.

எலினாவின் புருஷன் செல்வினுக்கு உரக்கடையில் வேலை. ஏதோ பாட்டில் மருந்தை ஒளித்துக் கொண்டுவந்து அடிக்கிறான் என்று தெரு முழுக்கச் சொல்லியாயிற்று. தெருவும் நம்பிவிட்டது. இனி கண்டுபிடிக்க வேண்டியது பாட்டிலை மட்டும்தான்.

அன்று காலை எலினா மில்லில் நைட் ஷிஃப்ட் முடித்து வந்ததும், சுடலையம்மாள் மதில் மேல் கையூன்றிக் கேட்டே விட்டாள்.

"ஏட்டி எலினா, உள்ளதச் சொல்லு. செடிக்கு என்னத்த ஊத்துத?"

எலினா கொட்டாவியோடு சிரித்தாள். "பச்சத் தண்ணிதான் மதினி. நுனிக் கொழுந்துல ஒரு ஹார்மோன் இருக்காம், அது பக்கத்துல கொப்பு வெடிக்க விடாதாம். நுனியக் கிள்ளிக்கிட்டே இருந்தாத்தான் தழையும்னு அவிய சொன்னாவ. எனக்கு எங்க நேரம்? யாரோ ஒரு மகராசி, நான் ஷிஃப்ட்டு முடிஞ்சு வாரதுக்குள்ள தெனமும் கிள்ளிட்டுப் போறா. நல்லாருக்கட்டும்!"

சுடலையம்மாள் முந்தானை முடிச்சை இறுக்கிக்கொண்டாள். கறிவேப்பிலைக்கு அந்த ஒரு கெட்ட குணம். எப்படி முடிந்து வைத்தாலும் வாசம் வெளியே வந்துவிடும்.

மறுநாள் விடியலில் மதிலோரம் போனால், இத்தனை நாள் அவள் கைக்கு எட்டாமல் இருந்த உச்சிக்கொப்பை யாரோ மில் நூலால் கட்டி, இந்தப் பக்கமாக வளைத்து விட்டிருந்தார்கள்.