கருமிருகம் வந்த வாரம்

லண்டனை விட்டு அந்தக் கார்ன்வால் கிராமத்துக்குக் குடிவந்து மூன்றே வாரமான ஃபிலிப்பா, மூச்சிரைக்க பப்புக்குள் ஓடிவந்தாள்.

"சேர்மன் சார்! எல்லாரும் சொல்ற அந்தக் கருமிருகத்தைப் பார்த்துட்டேன்! என் தோட்டத்துச் சுவர் மேலயே நின்னுச்சு!"

யாரும் சிரிக்கவில்லை. ஊராட்சித் தலைவர் பாஸ்கோ பீர் கோப்பையைத் தள்ளி வைத்துவிட்டு நோட்டைத் திறந்தார். அவளுக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

"எவ்வளவு பெரிசும்மா?"

"கன்னுக்குட்டி அளவு. மஞ்சக் கண்ணு. வால் மட்டுமே ஒரு கஜம் இருக்கும்!"

"எப்போ?"

"இப்பத்தான், அஞ்சு நிமிஷம் முன்னாடி!"

பாஸ்கோவின் முகம் சுருங்கியது. பக்கத்து மேசையில் கசாப்புக்காரர் ஹாக்கின், "வந்ததும் வராததுமா என்ன அவசரம் பாரு!" என்று முணுமுணுத்தார்.

பாஸ்கோ நோட்டை அவள் பக்கம் திருப்பினார். தேவாலயத்தில் பூ வைக்கிறவர்களின் பட்டியலைப் போலவே, கோடு போட்டு வாரத்துக்கு ஒரு பெயர்.

"டூரிஸ்ட் சீசன்ல மிருகத்தைப் பார்க்கிறதுக்கு வீட்டுக்கு வீடு முறை வச்சிருக்கோம்மா. இந்த வாரம் ஹாக்கின் பார்க்கணும். நாளைக்கு வாங்கன்னு பத்திரிகைக்காரங்ககிட்டயும் சொல்லிட்டார்."

"ஐயோ, நான் நிஜமாவே பார்த்தேன் சார்!"

"சபாஷ்! இதே நடுக்கம், இதே கண்ணீர்... அப்படியே பத்திரமா வச்சிருங்க. உங்க முறை ஆகஸ்ட் ரெண்டாவது வாரம்."