கழித்தல் தெரியாத சிஸ்டர்

அந்த சிஸ்டருக்குக் கழித்தல் கணக்கு வராது என்று டீச்சர் முடிவு கட்டப் பத்து நிமிஷம்கூட ஆகவில்லை.

குழந்தைகளுக்குத் தடுப்பூசி போடும் நிலையம் அது. பச்சைக் குழந்தைகளைப் படுக்க வைத்து எடை பார்க்கும் தராசு ரிப்பேர். பெரியவர்கள் ஏறி நிற்கும் மெஷின் ஒன்றுதான் இருந்தது. அதனால் என்ன? குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஒரு தடவை ஏறு. குழந்தையைக் கொடுத்துவிட்டு ஒரு தடவை ஏறு. அதிலிருந்து இதைக் கழி. ஐந்தாம் வகுப்புக் கணக்கு.

பிரசவ லீவில் இருந்த கணக்கு டீச்சர், மடியில் மகளோடு, மேஜைக்குப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். அடுத்தது அவர் முறை. எண் காட்டும் சின்னப் பெட்டி சிஸ்டரின் மேஜைமேல், சிஸ்டருக்கும் டீச்சருக்கும் மட்டும் தெரிகிற மாதிரி இருந்தது. கணக்கு டீச்சர் கண்ணில் எண் பட்டால் மனசு சும்மா இருக்குமா?

முன்னால் ஓர் இளம் ஜோடி. ஐந்து மாதப் பையன் கொழுகொழுவென்று அப்பாவின் தோளில். அப்பாவுக்குத் தலைகால் புரியாத பெருமை. அம்மா ஒரு தொளதொளச் சட்டைக்குள் பின்னால் நின்றாள்.

"அம்மா ஏறட்டும் தம்பி."

"அவ வேண்டாம் சிஸ்டர், நானே ஏறுறேன். அவ ஏறினா உங்க மெஷின் தாங்காது!" அவன் பெரிதாகச் சிரித்தான். "புள்ள பொறந்ததும் ஊதிட்டா. நான் கேலி பண்ணிக் கேலி பண்ணித்தான் இப்ப கொஞ்சம் குறைச்சிருக்கா."

அவளும் சிரித்தாள். சிரித்தபடியே மெஷினை விட்டு ஓரடி தள்ளிப் போய் நின்றுகொண்டாள்.

பையனோடு அப்பா: 86.4. பையனை மனைவியிடம் கொடுத்துவிட்டுத் தனியாக: 79.1.

ஏழு புள்ளி மூன்று என்று டீச்சர் மனசுக்குள் கழித்து முடித்துவிட்டார். ஐந்து மாதத்துக்கு அருமையான எடை.

சிஸ்டரோ பேனாவால் கன்னத்தைத் தட்டிக்கொண்டிருந்தார். "உங்க கையில ஒரே துள்ளல் தம்பி. எண்ணு நிக்கவே மாட்டேங்குது. இப்பப் பாருங்க, அம்மா கையில அடங்கிட்டான். அப்படியே ஏறும்மா."

எங்கே நிற்கவில்லை? நன்றாகத்தானே நின்றது! டீச்சருக்குக் கை பரபரத்தது.

"நான் எதுக்கு சிஸ்டர்..." என்று இழுத்தாள் அம்மா.

"உன்னை யாரும்மா எடை போட்டா? புள்ளையை அசையாம பிடிச்சுக்கத்தான்."

ஏறினாள். 45.1.

இனி அவள் தனியாக ஏற வேண்டும். அப்போதுதான் கழிக்க முடியும். ஆனால் சிஸ்டர், "போதும், இறங்கும்மா" என்று சொல்லிவிட்டு நோட்டில் ஏதோ எழுதினார். உதட்டைப் பிதுக்கினார்.

"அஞ்சு புள்ளி எட்டு. போதாதே தம்பி."

அப்பாவுக்கு முகம் செத்துப்போனது. "பார்க்க நல்லாத்தானே சிஸ்டர் இருக்கான்?"

டீச்சருக்குப் பொறுக்கவில்லை. "சிஸ்டர், கணக்கு தப்பு! அவர் எடையைக் கழிச்சா..."

"டீச்சர், உங்க முறை வரட்டும்." சிஸ்டர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"தப்பா சிஸ்டர்?" அவன் குழம்பினான்.

"இருபத்திரண்டு வருஷமா எடை போடுறேன் தம்பி. புள்ளைக்குப் பால் பத்தல. அம்மா சாப்பிட்டாத்தான் பால். மூணு வேளையும் வயிறு நிறையச் சாப்பிடணும், நடுவுல ரெண்டு தடவை ஏதாவது. நீங்கதான் பக்கத்துல உக்காந்து பாத்துக்கணும். ஊதிட்டா, வத்திட்டான்னு ஒரு வார்த்தை வரக்கூடாது. மனசு வாடினாலும் பால் குறையும். இந்தச் சீட்டை எடுத்துட்டுப் போய் டாக்டரம்மாகிட்ட அவளைக் காட்டுங்க."

"என் புள்ளைக்காக எதுன்னாலும் செய்றேன் சிஸ்டர்." மனைவி பக்கம் திரும்பினான். "காலையில என்ன சாப்பிட்ட நீ?"

அவள் தலையைக் குனிந்துகொண்டாள்.

"வா, மொதல்ல ஏதாவது சாப்பிடு. அப்புறம் டாக்டரைப் பாக்கலாம்." பையனையும் பையையும் அவனே வாங்கிக்கொண்டான்.

அவர்கள் தலை மறைந்ததும் டீச்சர் பிடித்துக்கொண்டார். "ஏழு புள்ளி மூணு சிஸ்டர்! ரெண்டாவது தடவையிலேயே விடை வந்தாச்சு. மூணாவது தடவை எதுக்கு? நல்லா இருக்கிற குழந்தையைப் போய்... என் கிளாஸ் புள்ளைங்க கண்ணை மூடிக்கிட்டுப் போடும் இந்தக் கணக்கை!"

சிஸ்டர் நோட்டை டீச்சர் பக்கம் திருப்பி வைத்தார்.

குழந்தை: 7.3. நல்ல எடை.

அதற்குக் கீழே சிவப்பு மையில்: தாய்: 45.1 − 7.3 = 37.8. டாக்டர் உடனே பார்க்கவும்.

டீச்சர் அந்தக் கடைசி எண்ணையே பார்த்தார். அந்தக் கணக்கில் கேட்டிருந்தது குழந்தையின் எடையே இல்லை என்பது அப்போதுதான் உறைத்தது. வெட்கமாகவும் இருந்தது, எழுந்து கையெடுத்துக் கும்பிட வேண்டும் போலவும் இருந்தது.

"நான் பாட்டுக்கு நடுவுல கத்திக் காரியத்தையே கெடுத்திருப்பேனே சிஸ்டர்."

"விடுங்க டீச்சர். நேரா எடை பார்க்க வான்னா, ரெண்டு மாசமா நழுவிட்டே இருக்கா. புள்ளைக்குக் குடுத்துக் குடுத்தே கரைஞ்சு போயிட்டா."

"ஆனா அவர் பதறிப் போயிட்டாரே! பையன் நல்லா இருக்கான்னு எப்பச் சொல்வீங்க?"

சிஸ்டர் டீச்சரின் மகளைப் பார்த்துக் கையை நீட்டினார்.

"அவன் அம்மா ஒரு எட்டு கிலோ ஏறட்டும் டீச்சர். அன்னிக்குச் சொல்லிடலாம், பையன் எடை கூடிட்டான்னு."