சீட்டுக்குள் ஓடிய படம்

இப்போதெல்லாம் லாட்டரிச் சீட்டைச் சுரண்டினால், பரிசு விழுந்தால் ஓராண்டு கழித்து நாம் எப்படி வாழ்வோம் என்பது படமாக ஓடும். குலுக்கல் மறுநாள்தான்.

பேச்சிமுத்து சுரண்டினார். கடலோர பங்களா, தேக்கு ஊஞ்சல், வாசல் நிறையக் கார்கள். அவர் மட்டும் சிரித்தபடி உலவினார்.

"இதுல நா எங்க இருக்கேன்?" என்றாள் மனைவி சங்கரவடிவு.

"ஏட்டி, அடுக்களைல இருப்ப."

"அங்க ரோபோல்லா தோச சுடுது."

"அப்போ கோயிலுக்குப் போயிருப்ப."

"ராத்திரி தூங்கக்கூடவா வரல?"

படம் ஓடி முடிந்த பிறகும் இருவரும் அந்தச் சீட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அவள் தன் சீட்டை எடுத்துச் சுரண்டினாள். இதே வீடுதான், ஒழுகும் கூரை மட்டும் மாறியிருந்தது. அவள் சம்மணமிட்டுச் சாப்பிட்டாள். வியர்த்து வழிய அவளுக்குத் தோசை சுட்டுக்கொண்டிருந்தார் பேச்சிமுத்து.

"அவ்வளவு பணத்துல ஒரு ரோபோ வாங்கலியாட்டி?"

"எதுக்கு? ஒங்களத்தான் வச்சிருக்கேன்லா."

மறுநாள் இரண்டு சீட்டுக்குமே பரிசு விழவில்லை. அன்று மாலை, கேட்காமலே அவள் கையிலிருந்த தோசைத் திருப்பியை வாங்கிக்கொண்டார் பேச்சிமுத்து. முதல் தோசை பிய்ந்து வந்தது.

"படத்துல வட்டமால்லா இருந்துச்சு," என்றபடி சங்கரவடிவு சம்மணமிட்டு உட்கார்ந்தாள்.