கொரில்லா எந்தப் பெட்டியைத் திறக்கும்?

"நீங்களும் பாப்பா பக்கத்துலயே உட்காரலாம். ஆனா கண்ணாலயோ கையாலயோ ஜாடை காட்டக் கூடாது" என்றாள் ஆராய்ச்சிக்காரி.

அம்மாவின் காதில் அது விழவில்லை. அவள் பார்த்துக்கொண்டிருந்தது அந்தப் பெண்ணின் தலைமுடியை. கருகருவென்று இடுப்பு வரை தொங்கியது. சாயம்தான், சந்தேகமே இல்லை.

சலவைக் கடையில் துணி வாங்கி ரசீது போடுவது அம்மாவின் வேலை. காலரைப் பார்த்தே அடுத்த வீட்டுக் கதையைச் சொல்லிவிடுவாள். அப்படிப்பட்டவளுக்குச் சொந்தப் புருஷன் சட்டையைப் படிக்கத் தெரியாதா? மூன்று மாதமாக அதில் நீள நீளமாகக் கறுப்பு முடி. அம்மாவுக்கோ கழுத்தளவுக்குக் கத்தரித்த முடி. இழுத்தும் தேய்த்தும் பார்த்து, இது சாயம் ஏற்றிய முடி என்று தீர்ப்பே எழுதிவிட்டாள்.

போதாக்குறைக்கு, இன்ஷூரன்ஸ் ஆபீஸில் ஏசியில் உட்காருகிற மனுஷன் வியர்வையில் தொப்பலாக நனைந்து வீடு வருகிறார். ஆபீஸுக்குப் போன் பண்ணினால் எடுக்க நாதியில்லை. போன வாரம் பாக்கெட்டில் ஒரு சீட்டு சிக்கியது. அதில் ஒரு பெண்ணின் நம்பர், கீழே 'வியாழன் பத்து மணி, மறக்க வேண்டாம்'. யாரோ பாலிசி எடுக்கிறவர் என்று மழுப்பினார்.

அந்த நம்பருக்குப் போன் போட்டு விசாரித்ததில், அது இந்த ஆராய்ச்சிக்காரியுடையது என்று தெரிந்தது. அடுத்தவர் மனசைப் புரிந்துகொள்வதில் சின்னப் பிள்ளைகள் கெட்டியா, மனிதக் குரங்குகள் கெட்டியா என்று சோதிக்கிறவள். நாலு வயசுப் பிள்ளைகள் வேண்டும் என்ற அறிவிப்பு தோதாகக் கிடைத்தது. வியாழன் பத்து மணிக்கே அம்மா மகளோடு வந்து இறங்கிவிட்டாள். வீட்டில் பெட்டியும் கட்டியாகிவிட்டது. சந்தேகம் உறுதியானால் அக்கா வீட்டுக்குப் போய்விடுவாள், அவ்வளவுதான்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கொரில்லா வேஷத்தில் ஒரு ஆள் வந்தான். இவர்களைப் பார்த்ததும் செய்ய வேண்டியதை மறந்தவன் மாதிரி நின்றான். வேலைக்குப் புதுசு போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டாள் அம்மா.

உதவியாளர் ஒருவர், கொரில்லா பார்க்கப் பார்க்க, பந்தைச் சிவப்புப் பெட்டிக்குள் வைத்தார். கொரில்லா கதவைச் சாத்திக்கொண்டு வெளியே போனது. உடனே உதவியாளர் பந்தை நீலப் பெட்டிக்கு மாற்றினார்.

"இப்ப கொரில்லா திரும்பி வரும். பந்தை எங்க தேடும், கண்ணு?" என்று கேட்டாள் ஆராய்ச்சிக்காரி.

"நீலப் பெட்டியில" என்றாள் மகள்.

"மாத்தினப்போ அது வெளியிலல்ல இருந்துச்சு? அதுக்கு எப்படித் தெரியும்?"

"தெரியும்."

வேறு மாதிரி கேட்டுப் பார்த்தாள். மகள் இறங்கி வரவில்லை. ஆராய்ச்சிக்காரி நோட்டில் ஏதோ குறித்துக்கொண்டாள்.

"அடுத்தவங்களுக்கு எது தெரியும், எது தெரியாதுன்னு பிரிச்சுப் பார்க்கப் பாப்பாவுக்கு இன்னும் வரலை. போகப் போக வந்துடும். பக்கத்துக் கூடத்துல இருக்கற சிம்பன்ஸிக்கும் இதையே காட்டினோம். அது சரியா சிவப்புப் பெட்டியைத்தான் பார்த்துச்சு."

அம்மாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. புருஷனை வளைத்தது போதாதென்று, பெற்ற பிள்ளையைக் குரங்குக்கும் கீழே இறக்குகிறாளே! செல்போனில் கணவரின் படத்தை எடுத்து அவள் முகத்துக்கு நேராக நீட்டினாள்.

"இவரைத் தெரியுமா?"

ஆராய்ச்சிக்காரி படத்தைப் பார்த்தாள், குழந்தையைப் பார்த்தாள். முகம் ஒரு மாதிரி ஆகிவிட்டது. நோட்டில் சற்று முன் எழுதியதை அவசரமாக அடித்தாள்.

"இதை நான் சொல்றது முறையில்லைங்க. நீங்க அவரையே கேட்டுக்குங்க."

இதற்கு மேல் என்ன அத்தாட்சி வேண்டும்? மகளின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு படியிறங்கினாள். அக்காவுக்குப் போன் போடப் போனவள், அழுகையை அடக்க முடியாமல் பிள்ளை மேல் எரிந்து விழுந்தாள்.

"ஒரு குரங்குக்குத் தெரிஞ்சது கூடவா உனக்குத் தெரியலை?"

"எனக்குத் தெரியும்மா. கொரில்லா கதவை விட்டுத் தள்ளிப் போகவே இல்லை. கதவு இடுக்கு வழியா நம்மையே எட்டி எட்டிப் பார்த்துச்சு. கண்ணாமூச்சி ஆடறப்போ அப்பா எப்பவும் அப்படித்தானே திருட்டுத்தனமா பார்ப்பாரு?"

"இதுல அப்பாவை ஏன்டி இழுக்கறே?"

மகள் சட்டென்று இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள். அம்மாவின் கன்னத்தில் வழிந்த கண்ணீரைப் பார்த்ததும் கை தானாகக் கீழே இறங்கியது.

"ஆபீஸை மூடிட்டாங்க, அப்பா கொரில்லா வேலைக்குத்தான் போறாருன்னு உனக்குத் தெரிஞ்சா நீ அழுவேன்னு சொன்னாரும்மா. அதான் மூணு மாசமா நான் உங்கிட்ட சொல்லவே இல்லை."